பிறை எப்போ தெரியும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாசம் இந்தப் பக்கத்துல, இஸ்லாம் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும்னாலும் தயங்காம கேளுங்கன்னு எழுதியிருந்தேன். வந்த லெட்டர், மெயில் எல்லாத்தையும் உக்காந்து படிச்சப்போ ஒரு விஷயம் கவனிச்சேன், முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறது நேரத்தப் பத்தித்தான். ஏன் தேதி மாறுது, ஏன் பாங்கு நேரம் மாறுது, ஏன் ஒரே ஊர்ல ரெண்டு பெருநாள். யோசிச்சா அது சரியான கேள்விதான். இஸ்லாத்துல அஞ்சு கடமைன்னு சொல்வோம், கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத்ங்கற கட்டாய தர்மம், ஹஜ். இதுல "அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் யாரும் இல்ல, முஹம்மது அவனோட தூதர்"ங்கற கலிமாவுக்கு மட்டும்தான் நேரம் காலம் கெடையாது, மத்த நாலும் வானத்தப் பாத்து நடக்குற விஷயம். அதனால இந்தத் தடவை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க லெட்டர் பத்திரமா இருக்கு.

நான் பேக்கரி வச்சிருக்கேன். தீபாவளி, பொங்கல் எல்லாம் எப்போன்னு காலண்டர்ல முன்னாடியே தெரிஞ்சிடுது. ரம்ஜான் மட்டும் வருஷா வருஷம் முன்னால முன்னால வருது, அதுவும் நாளைக்கா நாளன்னைக்கான்னு கடைசி ராத்திரி வரைக்கும் தெரியல. ஒரு தேதிய ஃபிக்ஸ் பண்ணிட்டா என்ன?
— பேக்கரி உரிமையாளர், விருதுநகர்

அண்ணே, உங்க கஷ்டம் புரியுது, எங்க வீட்டுலயும் அந்தக் கடைசி ராத்திரி பிரியாணிக்கு கறி சொல்லலாமா வேணாமான்னு இதே கூத்துதான். ஆனா இந்தக் கேள்வி புதுசு இல்ல, நபி காலத்துலயே பிறையப் பத்தி கேட்டிருக்காங்க. குர்ஆன்ல நெறைய எடத்துல "உங்களிடம் கேட்கிறார்கள்"னு ஆரம்பிச்சு "நீங்கள் சொல்லுங்கள்"னு பதில் வரும், அதுல ஒரு கேள்வி பிறைகளப் பத்தினது. ரெண்டாவது அத்தியாயம் 189ஆவது வசனம். அதுக்கு வந்த பதில், மனுஷங்களுக்கு காலம் காட்டவும் ஹஜ்ஜுக்கு நாள் காட்டவும்தான் பிறைங்கறது.

இஸ்லாமிய வருஷத்துக்கு 12 மாசம், ஒவ்வொண்ணும் 29 நாள் இல்லன்னா 30 நாள், கூட்டினா 354 நாள் சொச்சம். நம்ம இங்கிலீஷ் வருஷம் 365. அந்தப் பத்துப் பதினொரு நாள் வித்தியாசம்தான் வருஷா வருஷம் முன்னாடி வருது. சந்திரனை வச்சு மாசம் எண்ணுற வேற பல காலண்டர்கள்ல இந்தப் பள்ளத்த நிரப்புறதுக்காக ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசத்தக் கூடுதலா சேத்துப்பாங்க. அரபு நாட்டுலயும் இஸ்லாத்துக்கு முன்னாடி மாசத்த இப்படித் தள்ளிப் போடுற வழக்கம் இருந்துச்சு, அதுக்கு நஸீன்னு பேரு. துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் இந்த நாலு மாசமும் சண்டையே போடக்கூடாத புனித மாசம், ஆனா அவங்க வசதிக்கு இந்த வருஷம் முஹர்ரம் கெடையாது அடுத்த மாசத்த முஹர்ரமா வச்சுக்கலாம்னு மாத்திக்கிட்டா சண்டையும் போடலாம், கணக்கும் சரியா இருக்கும். குர்ஆன் ஒம்பதாவது அத்தியாயத்துல இத கண்டிச்சு, மாசம் பன்னெண்டுதான்னு முடிவா சொல்லிடுச்சு. கி.பி. 632ல நபி செஞ்ச கடைசி ஹஜ்ஜோட பேருரையிலயும், காலம் தன்னோட பழைய நெலைக்கு சுத்தி வந்துடுச்சுன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் யாரும் மாசத்துல கை வைக்கல.

இதனால என்ன ஆகுதுன்னா நோன்பு எல்லாப் பருவத்தையும் சுத்தி வருது, ஒரு சுத்து முடிய 33 வருஷம் கிட்ட ஆகும். நான் மொத மொதல்ல முழு நோன்பு வச்சது 1985, மே கடைசி, எட்டு வயசு. மதியம் ரெண்டு மணிக்கு தொட்டித் தண்ணிய பாத்துக்கிட்டே நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு, எங்க நன்னி வந்து தலையில ஈரத்துணியப் போட்டுட்டுப் போனாங்க. அப்புறம் ரம்ஜான் மெதுவா நகந்து தொண்ணூறுகளோட கடைசியில டிசம்பர் ஜனவரிக்குப் போச்சு, நோன்பு வச்சதே தெரியாது. 2018ல திரும்ப மே மாசம், அந்த வருஷம் என் பொண்ணு மொத நோன்பு வச்சா, நான் அவ தலையில ஈரத்துணி போட்டேன். ஒரே தேதியில நிறுத்தியிருந்தா உலகத்துல ஒரு பகுதிக்காரங்க எப்பவும் கோடையில பட்டினி, இன்னொரு பகுதிக்காரங்க எப்பவும் குளிர்ல சுலபம்னு ஆயிருக்கும், இப்ப எல்லாருக்கும் எல்லாமும் வருது. உங்க வியாபாரத்துக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கு, 2030ல ரம்ஜான் மாசம் ரெண்டு தடவை ஆரம்பிக்கும், ஜனவரி முதல் வாரத்துல ஒண்ணு, டிசம்பர் கடைசி வாரத்துல இன்னொண்ணு.

நிலாவுக்கு ராக்கெட் விட்டாச்சு, எத்தனை மணிக்கு அமாவாசைன்னு செகண்டு சுத்தமா சொல்ல முடியுது. இன்னும் ஏன் மொட்டமாடியில நின்னு தேடுறீங்க? எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல ரெண்டு நாள் பெருநாள் கொண்டாடுறாங்க.
— கல்லூரி மாணவி, திருச்சி

நல்லா கேட்டம்மா. மொதல்ல ஒரு விஷயம், அமாவாசை முடியுற நேரத்த கணக்குப் போட முடியும், சந்தேகமே இல்ல. ஆனா அமாவாசை முடிஞ்ச உடனே பிறை கண்ணுக்குத் தெரியாது, சூரியனுக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், வெளிச்சம் முழுங்கிடும். பொதுவா 15 மணி நேரத்துக்குக் கொறைவான பிறை வெறும் கண்ணுக்கு அகப்படுறது ரொம்ப அபூர்வம். அதான் 29ஆம் நாள் சாயங்காலம் சூரியன் மறையுற மக்ரிப் நேரத்துல மேற்கால தேடுறோம், தெரிஞ்சா மறுநாள் புது மாசம், தெரியலன்னா 30 பூர்த்தி. நபிமொழியில சொல்லியிருக்கிறதும் இதேதான், பிறை பாத்து நோன்பு வைங்க, பிறை பாத்து நோன்ப விடுங்க, மேகம் மறைச்சா முப்பதா எண்ணிக்குங்க.

சவுதியில ஏன் நமக்கு ஒரு நாள் முன்னாடி வருதுன்னு கேப்பாங்க. அங்க சூரியன் நம்மளவிட ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டா மறையுது, அந்த நேரத்துல பிறை இன்னும் கொஞ்சம் வளந்து சூரியன விட்டு தள்ளிப் போயிடுது, அதனால மேற்கால இருக்கிற நாட்டுல மொதல்ல தெரிய வாய்ப்பு அதிகம்.

அப்ப ஒரு ஊர்ல தெரிஞ்சது இன்னொரு ஊருக்குச் செல்லுமா? இதுவும் ஆதிகால கேள்வி. குறைப்னு ஒருத்தர் வேலையா சிரியா போயிருக்கார், அங்க வியாழக்கிழமை ராத்திரியே பிறை பாத்து நோன்பு ஆரம்பிச்சிட்டாங்க. மாசக் கடைசியில மதீனா திரும்பி வந்தா இங்க வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பாத்திருக்காங்க. சிரியாவுல பாத்தது உங்களுக்குப் போதாதான்னு அவர் கேக்க, போதாது, நாங்க பாத்தத வச்சு முப்பது முடிப்போம், இல்ல பிறை தெரியுற வரைக்கும் வைப்போம்னு நபித்தோழர் இப்னு அப்பாஸ் பதில் சொல்றாங்க. சில அறிஞர்கள் இத வச்சு ஊருக்கு ஊர் பிறைன்னு சொன்னாங்க, வேற சிலர் எங்க தெரிஞ்சாலும் எல்லாருக்கும் ஒண்ணுதான்னாங்க. இப்ப துருக்கி கணக்க வச்சே முன்கூட்டி அறிவிச்சிடுது. தமிழ்நாட்டுல அரசு தலைமை காஜி பல ஊர்த் தகவல விசாரிச்சு அறிவிக்கிறார், அதுக்கு வெளிய சவுதிய பின்பத்துறவங்க, கணக்கு மட்டும் போதும்கிறவங்க இருக்காங்க, அதனாலதான் உங்க தெருவுல ரெண்டு நாள்.

என் அபிப்பிராயம் கேட்டா, கணக்க வேணாம்னு சொல்ல மாட்டேன், அன்னைக்கு பிறை தெரியவே வாய்ப்பில்லன்னு கணக்கு சொன்னா பாத்தேன்னு வர்ற சாட்சிய ஒதுக்குறதுக்கு அது ரொம்ப உதவும். ஆனா ஒரு ஊர் ஒரே நாள்ல பெருநாள் தொழணும், அதுக்கு எந்தத் தரப்பு விட்டுக்கொடுத்தாலும் எனக்கு சம்மதம். அண்ணன் வீட்டுல நோன்பு, தம்பி வீட்டுல சேமியா பாயசம்னு ஒரு நாள் நான் பாத்திருக்கேன், அந்தத் தாய் அன்னைக்கு எந்த வீட்டுலயும் சாப்பிடல.

பள்ளிவாசல் மேல பிறை வைக்கிறீங்க, கொடியில பிறை போடுறீங்க. அப்ப நிலாவையும் கும்பிடுறீங்களா?
— எட்டாம் வகுப்பு மாணவன், மன்னார்குடி

இல்லப்பா. நபி காலத்து மஸ்ஜித் நபவி பேரீச்ச மரத் தூணும் ஓலைக் கூரையுமா இருந்துச்சு, அதுல பிறையெல்லாம் கெடையாது. பின்னால உதுமானிய துருக்கியர்கள் பிறைய தங்களோட அடையாளமா வச்சிருந்தாங்க, அது அப்படியே பரவி முஸ்லிம் அடையாளமாவே ஆயிடுச்சு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் சஜ்தா (தரையில தல வச்சு வணங்குறது) செய்யாதீங்க, அதுகளப் படைச்சவனுக்கு செய்ங்கன்னு குர்ஆன்ல நேரடியாவே இருக்கு. இப்ராஹீம் நபி கதையும் இருக்கு, நட்சத்திரத்தப் பாத்து இதான் இறைவனோன்னாங்க, மறைஞ்சிடுச்சு, நிலாவப் பாத்தாங்க, அதுவும் மறைஞ்சிடுச்சு, சூரியன், அதுவும் மறைஞ்சிடுச்சு. மறையுறதெல்லாம் எனக்கு இறைவன் இல்லன்னு சொல்லிட்டாங்க. அதுமட்டுமில்ல, சூரியன் சரியா உதிக்கிறப்போ, உச்சியில நிக்கிறப்போ, மறையுறப்போ இந்த மூணு வேளையும் தொழக் கூடாதுன்னு வச்சிருக்கு.

அஞ்சு வேளைத் தொழுகை நேரம் எப்படி முடிவாகுது? எங்க ஏரியாவுல ரெண்டு பள்ளிவாசல், சாயங்கால பாங்கு ஒண்ணுல மூணரைக்கு கேக்குது, இன்னொண்ணுல நாலரைக்கு கேக்குது.
— ரிட்டையர்டு போஸ்ட்மேன், கும்பகோணம்

ஐயா, நீங்க கேட்டது எனக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி. எங்க பொறந்த வீடு ஹனஃபி, புகுந்த வீடு கடற்கரை ஊர், ஷாஃபி. ரெண்டும் இஸ்லாமிய சட்டத்துல வேற வேற வழிமுறை, மத்ஹப்னு சொல்வோம். கல்யாணம் ஆன புதுசுல மாமி சாயங்காலத் தொழுகையான அஸர் தொழுதுட்டு டீ போட ஆரம்பிப்பாங்க, நான் இன்னும் வக்து, அதாவது தொழுகை நேரம், வரலன்னு உக்காந்திருப்பேன்.

அஞ்சு வக்தும் சூரியன வச்சுத்தான். கீழ்வானத்துல வெள்ளைக் கீத்து தெரிஞ்சா சுபுஹு. சூரியன் உச்சியில இருந்து சாஞ்சா லுஹர். சூரியன் மறைஞ்சா மக்ரிப். மேற்கால செவ்வானம் போனதும் இஷா. நடுவுல இருக்கிற அஸர் மட்டும் நிழல வச்சு. ஒரு குச்சிய நட்டு வச்சா, உச்சி நேரத்து நிழல கழிச்சுட்டு மிச்ச நிழல் குச்சி ஒசரத்துக்கு வந்ததும் அஸர்னு ஷாஃபி மத்ஹப் சொல்லுது, குச்சியோட ரெண்டு மடங்கு ஆகணும்னு ஹனஃபி மத்ஹப் சொல்லுது. நம்ம ஊர்ப் பக்கம் அதுக்கு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வித்தியாசம். உங்க ரெண்டு பள்ளிவாசலும் சரியாத்தான் சொல்லுது, மத்ஹபுதான் வேற வேற.

அந்த வெள்ளைக் கீத்துக்கும் ஒரு சம்பவம் உண்டு. நோன்பு நாள்கள்ல வெள்ளை நூல் கறுப்பு நூல்லேர்ந்து பிரிஞ்சு தெரியுற வரைக்கும் சாப்பிடுங்க குடிங்கன்னு வசனம் வந்தப்போ, அதீ இப்னு ஹாதிம்னு ஒரு தோழர் நெஜமாவே ஒரு கறுப்பு கயிறையும் வெள்ளை கயிறையும் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க எடுத்து எடுத்துப் பாத்திருக்கார், வித்தியாசமே தெரியல. காலைல போய் நபிகிட்ட சொன்னா, அது இரவோட கறுப்பும் விடியலோட வெளுப்பும்னு வெளக்கினாங்க.

கடிகாரம் இல்லாத காலத்துல பெரிய பள்ளிவாசல்கள்ல நேரம் கணிக்கிறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் வச்சிருந்தாங்க, முவக்கித்னு பேரு. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசல்ல 14ஆம் நூற்றாண்டுல முவக்கித்தா இருந்தவர் இப்னு அஷ்ஷாதிர், 1371ல அங்க மினாராவுக்காக பெரிய சூரியக் கடிகாரம் ஒண்ணு செஞ்சார். அவர் சந்திரனோட ஓட்டத்துக்குப் போட்ட கணக்கும் பின்னால கோபர்நிகஸ் போட்டதும் ஒண்ணா இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. தொழுகைக்கு நேரம் சொல்ற வேலையில இருந்த ஒருத்தர்ங்க அவர், எனக்கு இதப் படிக்கிறப்பல்லாம் மெய் சிலிர்க்கும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், போஸ்ட்மேனா இருந்தவர்ங்கறதால உங்களுக்கு இது கொழப்பம் குடுத்திருக்கும். எங்க கணக்குல நாள் ஆரம்பிக்கிறது மக்ரிப்ல. அதனால எங்க வீடுகள்ல "வெள்ளி ராவு"ன்னு சொன்னா அது வியாழக்கிழமை ராத்திரி. தேதியையும் தேதின்னு சொல்றதில்ல, "ரபீஉல் அவ்வல் பிறை 12"ன்னு பிறைய வச்சுத்தான் சொல்லுவோம்.

நோர்வேல இருக்கிறேன். கூட வேலை செய்யிற சோமாலி நண்பர் வடக்க ட்ரோம்சோவுக்கு மாறிப் போறார். அங்க கோடையில சூரியன் மறையிறதே இல்ல. அவர் எப்பிடி நோன்பு பிடிப்பார்?
— யாழ்ப்பாணத்து வாசகர், ஒஸ்லோ

அங்க மே 20 வாக்குலேர்ந்து ஜூலை 20 வாக்கு வரைக்கும் சூரியன் மறையாது, குளிர்காலத்துல உதிக்காது. இதுக்கு வழி ஒரு நபிமொழியிலேர்ந்து எடுத்தாங்க. உலகத்தோட கடைசிக் காலத்துல ஒரு நாள் ஒரு வருஷம் மாதிரி நீளமா இருக்கும்னு நபி சொல்றாங்க, உடனே தோழர்கள் கேட்டது, அந்த ஒரு நாளைக்கு ஒரு நாள் தொழுகை போதுமா? போதாது, நேரத்த மதிப்புப் போட்டு தொழுங்கன்னு பதில். அத வச்சு அறிஞர்கள், இரவு பகல் ஒழுங்கா வர்ற பக்கத்து ஊர் நேரத்த எடுத்துக்கலாம், இல்ல மக்கா நேரத்த எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. உங்க நண்பர் அங்க இருக்கிற ஜமாஅத், அதாவது பள்ளிவாசல் அமைப்பு, எத வச்சிருக்கோ அத வச்சுக்கட்டும்.

இத விட சிக்கலானது 2007ல வந்துச்சு. மலேசிய டாக்டர் ஷேக் முஸாஃபர் ஷுக்கூர் அக்டோபர்ல சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனப்போ ரம்ஜான் மாசம். அது ஒரு நாளைக்கு பதினாறு தடவை பூமிய சுத்துது, அப்ப பதினாறு மக்ரிப். மலேசியாவுல மார்க்க அறிஞர்களும் விஞ்ஞானிகளும் உக்காந்து ஒரு வழிகாட்டியே எழுதினாங்க, ராக்கெட் கெளம்பின எடத்தோட நேரத்த வச்சு 24 மணிக்கு அஞ்சு வேளை, நிக்க முடியாட்டி முடிஞ்ச மாதிரி தொழுகை, நோன்பு பூமிக்குத் திரும்பினப்புறம்கூட வச்சுக்கலாம். பயணிக்கும் நோயாளிக்கும் தள்ளி வைக்கிற சலுகை குர்ஆன்லயே இருக்கே.

ஜகாத் கணக்க மார்ச் 31ல ஆடிட்டர் போடுற கணக்கோட சேத்துப் போட்டா தப்பா?
— ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

தப்பில்ல, ஆனா ஒரு சின்ன வித்தியாசம். 85 கிராம் தங்கத்தோட மதிப்புக்கு, நம்ம கணக்குல பத்தரை பவுனுக்குக் கொஞ்சம் மேல, பணமோ சரக்கோ ஒரு வருஷம் உங்க கையில இருந்தா நூத்துக்கு ரெண்டரை. அந்த வருஷம் 354 நாள் வருஷம். 365 நாளைக்குப் போட்டா 2.577 சதவீதம் குடுக்கணும், அதத்தான் கம்பெனி கணக்குகள்ல பண்றாங்க. ரெண்டரையே குடுத்துக்கிட்டு வந்தா 33 வருஷத்துல ஒரு வருஷ ஜகாத் காணாமப் போயிடும், அது ஏழையோட பணம். போட்டுக்கிற நகைக்கு உண்டா இல்லையான்னா, ஹனஃபியில உண்டு, ஷாஃபியில வழக்கமா போடுற நகைக்கு இல்ல. நான் குடுத்துடுறேன்.

ஹிஜ்ரின்னு வருஷம் எண்ணுறது நபி பொறந்ததுலேர்ந்தா?
— போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், மதுரை

இல்ல. கி.பி. 622ல நபி மக்காவ விட்டு மதீனாவுக்குக் கெளம்பினாங்களே அந்த ஹிஜ்ரத்துலேர்ந்து. ஆனா நபி காலத்துலயே இப்படி எண்ணல. இரண்டாவது கலீஃபா உமர் ஆட்சியில, கி.பி. 638 வாக்குல, அவரோட ஆளுநரா இருந்த அபூ மூஸா அல் அஷ்அரி, உங்ககிட்டேர்ந்து வர்ற கடிதத்துல தேதியே இல்ல, எது முந்தினது எது பிந்தினதுன்னு தெரியலன்னு எழுதினார். உமர் எல்லாரையும் கூட்டிவச்சுக் கேட்டாங்க. பிறப்பு, நபித்துவம், மறைவுன்னு ஆளுக்கொண்ணு சொல்லி கடைசியில ஹிஜ்ரத்துன்னு முடிவாச்சு. வீடு வாசல் சொத்து எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு கூட்டம் கெளம்பினத தங்களோட ஒண்ணாம் வருஷமா வச்சுக்கிட்டாங்களே, அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். பரீட்சைக்கு ஒரு டிப், ஹிஜ்ரத் நடந்தது செப்டம்பர்ல, ஆனா ஒண்ணாம் வருஷத்து முஹர்ரம் விழுறது ஜூலையில. நபி வாழ்ந்தது 63 வருஷம்னு சொல்றதும் சந்திரக் கணக்கு, இங்கிலீஷ் கணக்குல 61 கிட்டத்தான் வரும்.

நான் மாசமா இருக்கேன். கிரகணத்தன்னைக்கு வெளிய வரக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. உங்க மதத்துல என்ன வழக்கம்?
— வாசகி, திண்டுக்கல்

உடம்பப் பாத்துக்கோ தாயி. எங்க வீடுகள்லயும் வயசானவங்க கத்திய எடுக்காதே, காய் நறுக்காதேன்னு சொன்னவங்கதான், ஆனா மார்க்கத்துல அப்படி ஒண்ணும் இல்ல. நபிக்கு இப்ராஹீம்னு ஒரு சின்ன மகன், பால்குடிக்கிற வயசுலயே இறந்து போச்சு. கி.பி. 632 ஜனவரி. அன்னைக்கே சூரிய கிரகணம். நபி மகனுக்காக சூரியனே இருண்டு போச்சுன்னு ஜனங்க பேச ஆரம்பிச்சாங்க. புள்ளைய அடக்கம் பண்ணின தகப்பன், அந்தப் பேச்ச அப்படியே விட்டிருக்கலாம். ஆனா சூரியனும் சந்திரனும் இறைவனோட அத்தாட்சிகள், யாரோட சாவுக்காகவும் பொறப்புக்காகவும் கிரகணம் பிடிக்காதுன்னு சொல்லிட்டு தொழுகைக்கு நின்னாங்க. அதனால எங்களுக்கு கிரகணம்னா தொழுகை, தர்மம், அவ்வளவுதான். 2027 ஆகஸ்ட் 2ல மக்காவுலயே முழு சூரிய கிரகணம், அஞ்சு நிமிஷம் கிட்ட பகல் இருண்டுடும், அன்னைக்கு மக்கா பெரிய பள்ளிவாசலான ஹரம்ல நடக்கப்போற கிரகணத் தொழுகைய டிவியிலயாவது பாக்கணும்னு இப்பவே குறிச்சு வச்சிருக்கேன்.

முஸ்லிம்னா மேற்கப் பாத்துத்தானே தொழணும்? புது வீட்டுல தொழுற ரூமுக்கு எஞ்சினியர் நேர் மேற்கா கோடு போட்டுட்டார், என் வீட்டுக்காரர் சாய்ஞ்சிருக்கணும்ங்கறார்.
— வாசகி, ஆம்பூர்

உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. மேற்குங்கறது நமக்கு மட்டும்தான், மொராக்கோவுல கெழக்கப் பாத்துத் தொழுவாங்க, மதீனாவுல தெற்க. எல்லாரும் பாக்குறது மக்காவுல இருக்கிற கஃபாவ, அந்தத் திசைக்குத்தான் கிப்லான்னு பேரு. அதுவும் நபியும் தோழர்களும் மதீனாவுக்கு வந்து பதினாறு பதினேழு மாசம் ஜெருசலத்தப் பாத்துத்தான் தொழுதாங்க, அப்புறம்தான் கஃபா பக்கம் திரும்பச் சொல்லி வசனம் வந்துச்சு, அதோட ஞாபகமா ரெண்டு கிப்லா பள்ளிவாசல்னே மதீனாவுல ஒண்ணு இருக்கு.

சென்னைக்கு கணக்குப் போட்டா நேர் மேற்குலேர்ந்து வடக்கால 18 டிகிரி சாயணும், ஆம்பூருக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஃபோன் காம்பஸ நம்பாதீங்க, பக்கத்துல இரும்புக் கம்பி இருந்தா கோணலா காட்டும். வருஷத்துல ரெண்டு தடவை சூரியன் கஃபாவுக்கு நேர் மேல நிக்கும். மே 27, 28ல நம்ம நேரம் மதியம் 2:48, ஜூலை 15, 16ல 2:57. அந்த நிமிஷத்துல சூரியன் எந்தத் திசையில தெரியுதோ அதான் கிப்லா. மொட்டமாடியில ஒரு கம்ப செங்குத்தா நட்டு வைங்க, நூல்ல கல்லக் கட்டித் தொங்கவிட்டாலும் சரி, நிழல் விழுந்த கோட்டுல சாக்பீஸ்ல ஒரு கோடு இழுங்க. நிழல் நுனியிலேர்ந்து கம்பு அடியப் பாத்து நின்னா நீங்க பாக்குறது மக்கா. அப்புறம் அந்தக் கோட்டுக்கு இணையா கீழ ரூம்ல கோடு போடச் சொல்லுங்க, எஞ்சினியரையும் மாடிக்கு கூட்டிட்டுப் போங்க. டைல்ஸ் மட்டும் அதுக்கு முன்னாடி ஒட்டிடாதீங்க.